மூளைப் பதிவுகளும் வடிகட்டும் முறைகளும்

மூளையின் எந்தப் பகுதி எச்செயலின்போது இயங்குகிறது என்பதைக் காட்டும் வண்ணப் படங்கள் இன்று மருத்துவ ஏடுகளிலும் நாளிதழ்களிலும் பரவலாக வெளிவருகின்றன. கையை அசைக்கும்போது ஓரிடமும், சொல்லை நினைவுகூரும்போது மற்றோரிடமும் ஒளிர்வதாக அவை காட்டுகின்றன. புகைப்படத்தைப் போலவே இவையும் நேரடியாக எடுக்கப்படுபவை என்ற எண்ணம் படித்தவர்களிடையேயும் நிலவுகிறது. உண்மையில் அவை நீண்டதொரு கணக்கீட்டின் முடிவில் வரையப்படும் புள்ளியியல் வரைபடங்களாகும். அக்கணக்கீட்டின் தொடக்கத்தில், பதிவான எண்களுள் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை இரைச்சல் எனக் கழிப்பது என்ற தேர்வு செய்யப்படுகிறது. காலவழி வடிகட்டுதல் எனப்படும் இத்தேர்வைப் பொறுத்தே இறுதிப் படத்தில் எந்தப் பகுதி ஒளிரும் என்பது பெரிதும் அமைகிறது.

மூளைக் கட்டியையோ வலிப்பு நோயின் மூலத்தையோ அகற்றுமுன், நோயாளியின் பேச்சுக்கும் கையசைவுக்கும் உரிய பகுதிகளை அறிய இப்பதிவுகள் உதவுகின்றன. முதுமை மறதி, மனச்சிதைவு போன்ற நோய்களின் அடையாளங்களைத் தேடும் ஆய்வுகளும் இவற்றை நம்பியுள்ளன. எனவே வடிகட்டும் முறைகளின் அடிப்படையை ஆராய்ச்சி மாணவர்கள் மட்டுமின்றி, ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்களும் அறிந்திருப்பது பயன் தரும்.

சைகை தோன்றும் விதம்

ஹீமோகுளோபினின் காந்தத் தன்மை, அது பிராணவாயுவைச் சுமந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுகிறது. இவ்வுண்மையை லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியெல் ஆகியோர் 1936ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இதனைப் பயன்படுத்தி, எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் மூலம் இரத்தத்தில் பிராணவாயுவின் நிலையைப் படமாக்கலாம் என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் 1990ஆம் ஆண்டில் காட்டினர். 1992ஆம் ஆண்டில் மனித மூளையில் இம்முறை வெற்றி பெற்றதை வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. செயல்நிலை எம்.ஆர்.ஐ. என்ற துறை இவ்வாறு பிறந்தது.

நரம்பணுக்களின் மின்னியக்கத்தை இம்முறை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பகுதி சுறுசுறுப்படைந்ததும் அவ்விடத்திற்குப் புது இரத்தம் தேவைக்கும் அதிகமாகப் பாய்கிறது. அந்த இரத்த ஓட்ட மாற்றமே பதிவாகிறது. இம்மாற்றம் மிக மெதுவானது. ஒரு நொடிப்பொழுது நிகழும் தூண்டலுக்கும் இரத்தத்தின் எதிர்விளைவு 5 அல்லது 6 விநாடிகளுக்குப் பின்னரே உச்சத்தை அடைந்து, பின்னர் சற்றுத் தாழ்ந்து, பழைய நிலையை எய்த 20 முதல் 30 விநாடிகள் வரை எடுத்துக்கொள்கிறது. மேலும் அது மிகச் சிறியது. வழக்கமான எந்திரங்களில் மொத்த அளவில் 1 முதல் 5 சதவீதம் வரையே வேறுபாடு தெரியும்.

வழக்கமான ஒரு பதிவில் 2 விநாடிகளுக்கு ஒரு முறை மூளை முழுவதும் படமெடுக்கப்படுகிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு படமும் 64 வரிசை, 64 நிரை, 36 அடுக்கு கொண்டதாயின், அதில் 1,47,456 சிறு கனக்கூறுகள் இருக்கும். 400 விநாடிகளில் 200 படங்கள் கிடைக்கும். அப்போது ஒவ்வொரு கனக்கூறுக்கும் 200 எண்கள் அடங்கிய ஒரு வரிசை உண்டாகிறது. இதனையே காலத்தொடர் என்பர். மூளையைப் பற்றிக் கூறப்படும் முடிவுகள் யாவும் இக்காலத்தொடர்களிலிருந்தே பெறப்படுகின்றன.

இரைச்சலின் ஊற்றுகள்

காலத்தொடரில் ஆய்வாளர் தேடும் சைகையுடன் வேண்டாதவையும் பல கலந்துள்ளன. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மெல்லிய ஓட்டம். பதிவு தொடங்கியதிலிருந்து முடியும்வரை எண்கள் மெதுவாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ செல்லும். மூளை களைப்படைவதால் இது நிகழ்கிறது என எண்ணத் தோன்றும். ஆனால் 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, உயிரற்ற உடல்களிலும், சோதனைக்காக வைக்கப்படும் செயற்கைப் பொருள்களிலும் இதே ஓட்டம் காணப்படுவதைக் காட்டியது. ஆகவே அதன் பெரும் பகுதி எந்திரத்தின் நிலையின்மையால் விளைவதாகும்.

இரண்டாவது, சுவாசம். மார்பு விரிந்து சுருங்குவதால் காந்தப்புலம் சற்று மாறுகிறது. மூச்சின் ஆழம் மாறும்போது இரத்தத்தில் கரியமிலவாயுவின் அளவு மாறி, மூளையின் இரத்த ஓட்டமும் மாறுகிறது. மூன்றாவது, இதயத் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்த நாளங்களும் அவற்றைச் சூழ்ந்த திசுக்களும் சிறிது அசைகின்றன. நான்காவது, தலை அசைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகூட ஒரு கனக்கூறில் இருந்த திசுவை அடுத்த கனக்கூறுக்கு நகர்த்தி, எண்களில் திடீர்த் தாவல்களை உண்டாக்கிவிடும்.

அதிர்வெண் என்னும் அளவுகோல்

எவ்வளவு சிக்கலான ஏற்ற இறக்கத்தையும் வெவ்வேறு வேகங்கொண்ட எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்ற கருத்தை பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822ஆம் ஆண்டில் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலில் விளக்கினார். ஓர் அலை ஒரு விநாடியில் எத்தனை முறை திரும்ப நிகழ்கிறது என்பதே அதன் அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். 100 விநாடிகளில் ஒரு சுற்று முடிக்கும் அலையின் அதிர்வெண் 0.01 ஹெர்ட்ஸ் ஆகும்.

இவ்வளவுகோலில் மேற்கண்ட ஊற்றுகள் தனித்தனி இடங்களைப் பெறுகின்றன. எந்திரத்தின் மெல்லிய ஓட்டம் பெரும்பாலும் 0.01 ஹெர்ட்ஸுக்குக் கீழே அமைகிறது. இரத்த ஓட்ட எதிர்விளைவு மெதுவானதால், மூளையின் சைகை பெரும்பாலும் 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் செறிந்துள்ளது. நிமிடத்திற்கு 12 முதல் 18 முறை நிகழும் சுவாசம் 0.2 முதல் 0.3 ஹெர்ட்ஸ் வரை அமையும். இதயத் துடிப்பு 1 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். தலை அசைவின் தாவல்கள் எல்லா அதிர்வெண்களிலும் பரவி நிற்கும்.

சைகையும் இரைச்சலும் இவ்வாறு வெவ்வேறு பகுதிகளில் குடியிருந்தால், வேண்டாத பகுதியை வெட்டிவிடுவது எளிதன்றோ என்று கேட்கலாம். இங்கு ஓர் இடர்ப்பாடு உள்ளது. திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் சில வேளைகளில் மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தோன்றுவதுண்டு. படம்பிடிக்கும் வேகம் சக்கரத்தின் சுழற்சிக்கு ஈடுகொடுக்காததே அதற்குக் காரணம். மூளைப் பதிவிலும் அதுவே நிகழ்கிறது. ஓர் அலையைச் சரியாகப் பதிவு செய்ய, ஒரு சுற்றுக்கு இரண்டு முறைக்கும் மேலாக அளக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதியாகும். 2 விநாடிகளுக்கு ஒரு படம் எடுத்தால் 0.25 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அலைகளை மட்டுமே உள்ளபடி காண முடியும். அதற்கு மேற்பட்டவை மறைந்துவிடுவதில்லை. வேறொரு மெதுவான அலையாக உருமாறித் தோன்றுகின்றன.

நிமிடத்திற்கு 63 முறை துடிக்கும் இதயத்தின் அதிர்வெண் 1.05 ஹெர்ட்ஸ். 2 விநாடி இடைவெளியில் அளக்கும்போது அது 0.05 ஹெர்ட்ஸ் அலையாக, அதாவது 20 விநாடிகளுக்கு ஒரு முறை எழுந்து விழும் அலையாகத் தோன்றும். மூளைச் சைகை குடியிருக்கும் பகுதியின் நடுவிலேயே அது வந்து அமர்ந்துகொள்கிறது. அதன்பின் எந்த அதிர்வெண் வடிகட்டியாலும் அதைப் பிரித்தெடுக்க இயலாது. இதனைத் தவிர்க்க வேண்டுமானால் அரை விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் படமெடுத்தல் வேண்டும்.

மெல்லிய ஓட்டத்தை நீக்குதல்

குறைந்த அதிர்வெண்களைத் தடுத்து உயர்ந்தவற்றைக் கடத்துவது உயர் கடத்தி வடிகட்டி எனப்படும். ஏறத்தாழ எல்லா ஆய்வுகளிலும் இது பயன்படுகிறது. உலகெங்கும் வழக்கிலுள்ள மூன்று கணிப்பொறிச் செயல்நிரல்கள் இதே பணியை மூன்று வழிகளில் நிறைவேற்றுகின்றன.

லண்டனில் உருவாக்கப்பட்ட எஸ்.பி.எம். நிரல், மெதுவான கோசைன் அலைகளின் தொகுப்பொன்றைக் காலத்தொடருடன் பொருத்திக் கழித்துவிடுகிறது. பயனாளர் மாற்றாதவரை 128 விநாடி என்ற எல்லை அதில் அமைந்திருக்கும். 128 விநாடிகளுக்கும் நீண்ட சுற்றுடைய அலைகள் நீக்கப்படும் என்பது இதன் பொருள். ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எஃப்.எஸ்.எல். நிரல், ஒவ்வொரு காலப் புள்ளியைச் சுற்றியும் ஒரு நேர்கோட்டைப் பொருத்திக் கழிக்கிறது. அருகிலுள்ள அளவீடுகளுக்கு அதிக எடையும் தொலைவிலுள்ளவற்றுக்குக் குறைந்த எடையும் அதில் தரப்படுகின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்ட ஆஃப்னி நிரல், பல்லுறுப்புக் கோவை ஒன்றைப் பொருத்துகிறது. பதிவின் நீளத்தை 150 விநாடியால் வகுத்து, முழு எண்ணுடன் ஒன்றைக் கூட்டி அக்கோவையின் படி முடிவு செய்யப்படுகிறது. 400 விநாடிப் பதிவுக்கு அது மூன்றாம் படிக் கோவையாகும்.

மூன்று வழிகளும் ஒரே நோக்கமுடையவையாயினும், எல்லையை எங்கு வைப்பது என்பதைச் சோதனையின் அமைப்பே தீர்மானிக்க வேண்டும். 30 விநாடி விரல் அசைத்தல், 30 விநாடி ஓய்வு என மாறிமாறி நடக்கும் சோதனையின் ஒரு சுற்று 60 விநாடி. 128 விநாடி எல்லை அதற்குத் தீங்கு செய்யாது. ஆனால் ஒருவர் 100 விநாடி வேலை, 100 விநாடி ஓய்வு எனத் தம் சோதனையை அமைத்தால் ஒரு சுற்று 200 விநாடியாகிவிடும். அச்சோதனையின் சைகையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் 0.005 ஹெர்ட்ஸில் உள்ளது. நிரலில் இயல்பாக அமைந்த எல்லையை மாற்றாமல் இயக்கினால், ஓட்டத்துடன் சேர்ந்து அச்சைகையும் வடிந்துபோகும். இயங்கிய பகுதி இயங்காததாகவே படத்தில் தோன்றும். நோயாளியின் பேச்சுப் பகுதியைக் கண்டறிய எடுக்கப்பட்ட பதிவில் இப்பிழை நேர்ந்தால் அதன் விளைவு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனவே வடிகட்டியின் எல்லை சோதனையின் சுற்றுக் காலத்தைவிட நீண்டதாக இருத்தல் வேண்டும். காலத்தொடருக்குச் செய்யும் வடிகட்டுதலை, ஆய்வாளர் எதிர்பார்க்கும் மாதிரி வடிவத்திற்கும் ஒப்பச் செய்தல் வேண்டும்; இல்லையேல் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா.

வேகமான அலைவுகளை நீக்குதல்

உயர்ந்த அதிர்வெண்களைத் தடுப்பது தாழ் கடத்தி வடிகட்டி. 1990களில் இது பெரிதும் பயன்பட்டது. எதிர்விளைவின் வடிவத்தையே ஒத்த ஒரு வளைவால் காலத்தொடரை மழுங்கச் செய்தால், சிதறிய இரைச்சல் அடங்கும் என்பது அன்றைய கருத்து. ஆனால் அடுத்தடுத்து விரைவாகத் தூண்டல்கள் தரப்படும் சோதனைகளில் உண்மையான சைகையின் ஒரு பகுதியும் உயர் அதிர்வெண்களில் இருக்கும். மழுங்கச் செய்யும்போது அதுவும் இழக்கப்படுகிறது. செயல் சார்ந்த சோதனைகளில் இம்முறை பின்னர் படிப்படியாகக் கைவிடப்பட்டது.

அதனிடத்தில் வந்ததை வெண்மையாக்கல் என்பர். அடுத்தடுத்த இரு அளவீடுகளின் இரைச்சல் ஒன்றுக்கொன்று தொடர்புடையது. இத்தொடர்பைக் கணக்கில் கொள்ளாவிடில், 200 அளவீடுகளையும் 200 தனித்தனிச் சான்றுகளாக எண்ணி ஏமாற நேரும். தொடர்பின் அளவை முதலில் மதிப்பிட்டு, அதனை நீக்கியபின் புள்ளியியல் சோதனை செய்வதே இம்முறை. எல்லா அதிர்வெண்களிலும் இரைச்சல் சமமாகும்படி செய்வதால் இப்பெயர் பெற்றது.

மதிப்பீடு தவறினால் பயன் கெடும் என்பதை 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு உணர்த்தியது. எவ்வித வேலையும் தரப்படாமல் ஓய்வில் இருந்தவர்களின் 1,484 பதிவுகளை எடுத்துக்கொண்டு, வேலை தரப்பட்டதுபோலக் கற்பனைக் கால அட்டவணைகளைப் பொருத்தி எஸ்.பி.எம். நிரலால் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 100க்கு 5 பதிவுகளில் மட்டுமே பொய்யான இயக்கம் தென்பட வேண்டும். கற்பனைச் சோதனையின் அமைப்பையும் படமெடுக்கும் இடைவெளியையும் பொறுத்து அது 1 முதல் 70 சதவீதம் வரை வேறுபட்டது. அந்நிரலில் இரைச்சலின் காலத்தொடர்பு மிக எளிமையாகக் கருதப்பட்டிருந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும். இத்துறையின் நிரல்கள் அதன்பின் திருத்தம் பெற்று வந்துள்ளன.

ஓய்வுநிலைப் பதிவுகளும் பட்டை வடிகட்டியும்

1995ஆம் ஆண்டில் பரத் பிஸ்வாலும் அவருடன் பணிபுரிந்தோரும், ஒருவர் எவ்வேலையும் செய்யாதிருக்கும்போதும் மூளையின் இடப்புற, வலப்புற இயக்கப் பகுதிகளின் மெதுவான ஏற்ற இறக்கங்கள் ஒன்றுபோல நிகழ்வதைக் கண்டனர். 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அலைகளில் இவ்வொற்றுமை காணப்பட்டது. ஓய்வுநிலை ஆய்வு என்ற பெருங்கிளை இதிலிருந்து வளர்ந்தது. வேலை எதுவும் செய்யச் சொல்லத் தேவையில்லையாதலால் குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் ஆகியோரிடத்தும் இதனை நடத்த முடிகிறது.

இவ்வாய்வுகளில் 0.01 முதல் 0.08 அல்லது 0.1 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, இருபுறமும் வெட்டிவிடுவது வழக்கமாயிற்று. இதற்கு ஒரு விலை உண்டு. 2 விநாடி இடைவெளியில் எடுத்த பதிவில் 0.25 ஹெர்ட்ஸ் வரை தகவல் உள்ளது. அதில் 0.07 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையை மட்டும் வைத்துக்கொண்டால் எஞ்சுவது 28 சதவீதமே. 200 அளவீடுகள் கொண்ட தொடரில் சுயேச்சையான தகவல்கள் ஏறத்தாழ 56 ஆகச் சுருங்கிவிடுகின்றன. அதன்பின்னும் 200 அளவீடுகள் இருப்பதாகக் கொண்டு இரு பகுதிகளின் ஒட்டுறவைச் சோதித்தால், தற்செயலான ஒற்றுமையும் உறுதியான இணைப்புபோலத் தோன்றும்.

அமெரிக்காவின் மனித மூளை இணைப்புத் திட்டத்தில் 0.72 விநாடிக்கு ஒரு படம் எடுக்கப்பட்டது. அங்கு இதே பட்டையைப் பயன்படுத்தினால் 10 சதவீதத் தகவலே எஞ்சும். அத்திட்டத்தினர் 2,000 விநாடி எல்லை கொண்ட மிக மென்மையான உயர் கடத்தி வடிகட்டியை மட்டும் பயன்படுத்தி, மற்ற இரைச்சலை வேறு வழிகளில் நீக்கினர். பட்டையின் விளிம்புகளை மிகக் கூர்மையாக வெட்டினால், ஒரு திடீர்த் தாவலின் இருமருங்கிலும் இல்லாத அலைகள் தோன்றும் என்பதும் கருதத்தக்கது.

வேறு வழிகள்

அதிர்வெண்ணை வைத்துப் பிரிக்க இயலாதவற்றை, அவற்றின் மூலத்தை அறிந்து கழிக்கலாம். 2000ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட ஒரு முறையில், விரலில் பொருத்தும் நாடி அளவியும் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையும் இதயத் துடிப்பையும் சுவாசத்தையும் பதிவு செய்கின்றன. ஒவ்வொரு படமும் துடிப்பின் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்பது தெரிவதால், மெதுவான அலையாக உருமாறிய துடிப்பையும் கணக்கிட்டுக் கழிக்க முடிகிறது. மூளையின் வெண்பகுதியிலும் நீர்ப்பகுதியிலும் காணப்படும் ஏற்ற இறக்கங்களை இரைச்சலின் மாதிரியாகக் கொண்டு கழிப்பது மற்றொரு முறை. காலத்தொடர்களைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, அவற்றுள் இரைச்சல் எனத் தோன்றுபவற்றைக் கணிப்பொறியைக் கொண்டே அடையாளம் காண்பது இன்னொன்று.

தலை அசைந்த கணங்களில் எடுத்த படங்களை ஒதுக்கிவிடும் முறை 2012ஆம் ஆண்டிற்குப் பின் பெரிதும் பரவியது. சிறு தலை அசைவுகள் தொலைவிலுள்ள பகுதிகளின் ஒட்டுறவைக் குறைத்தும், அருகிலுள்ளவற்றின் ஒட்டுறவைக் கூட்டியும் காட்டுகின்றன என்று அவ்வாண்டில் வெவ்வேறு குழுக்கள் எடுத்துக்காட்டின. குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகமாக அசைவார்கள். ஆகவே வளர்ச்சியின் அடையாளமாகக் கூறப்பட்ட வேறுபாடுகளில் ஒரு பகுதி அசைவின் விளைவே என்ற ஐயம் எழுந்து, முந்தைய முடிவுகள் மறு ஆய்வுக்குள்ளாயின.

முறைகளின் வரிசை

ஒவ்வொரு முறையும் தனித்தனியே சரியானதாக இருப்பினும், அவற்றைக் கையாளும் வரிசை தவறினால் பயன் கெடும். முதலில் பட்டை வடிகட்டியைப் பயன்படுத்திவிட்டு, அதன்பின் வடிகட்டப்படாத தலை அசைவு எண்களைக் கழித்தால், முன்னர் வெளியேற்றிய அதிர்வெண்கள் அக்கழித்தலின் வழியே திரும்ப நுழைந்துவிடும். 2013ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் வெளியான ஆய்வுகள் இதனைத் தெளிவாக விளக்கின. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துச் செய்வது, அல்லது கழிக்கப்படும் எண்களையும் அதே வடிகட்டியில் வடித்துப் பின்னர் பயன்படுத்துவது இதற்குப் பரிகாரமாகும். இதுபோலவே, திடீர்த் தாவல்களை முதலில் ஒதுக்கி, அவ்விடங்களைப் பொருத்தமான இடைமதிப்புகளால் நிரப்பியபின்னரே வடிகட்ட வேண்டும். இல்லையேல் ஒரு கணத்தின் பிழை அக்கம்பக்கத்து அளவீடுகள் மீதெல்லாம் பரவிவிடும்.

தேர்வின் விளைவு

வழிகள் பலவாக இருக்கும்போது முடிவுகளும் பலவாகின்றன. ஒரே சோதனையின் பதிவுகளை ஏற்கத்தக்க 6,912 வகைகளில் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்கம் தென்பட்ட இடமும் அளவும் வகைக்கு வகை கணிசமாக மாறின. 2020ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 108 பேரின் பதிவுகள் 70 குழுக்களிடம் தரப்பட்டு, 9 கருதுகோள்கள் சோதிக்கப்பட்டன. எந்த இரு குழுக்களும் ஒரே வகையில் கணக்கிடவில்லை. பல கருதுகோள்களில் அவற்றின் விடைகளும் ஒத்துப்போகவில்லை. இவ்வேறுபாடுகளுக்கு வடிகட்டுதல் மட்டுமே காரணமன்று. எனினும், தேர்வுகள் வெளிப்படையாக எழுதப்படாவிடில் விடைகள் ஏன் மாறின என்பதை எவராலும் கண்டறிய முடியாது.

முடிவைப் பார்த்தபின் வடிகட்டியை மாற்றும் பழக்கம் இவற்றுள் மிகுந்த தீங்கு தருவதாகும். ஓர் எல்லையில் எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லையெனில் மற்றோர் எல்லையைச் சோதிப்பதும், கிடைத்ததும் நிறுத்திக்கொள்வதும் நேர்மையானவர்களிடத்தும் அவர்கள் அறியாமலே நிகழக்கூடும். அவ்வாறு கிடைத்த விடை, மூளையைவிட ஆய்வாளரின் விருப்பத்தையே அதிகமாகப் பிரதிபலிக்கும்.

நம் நாட்டின் தேவைகள்

ஹரியானாவின் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் முதலியவற்றில் மூளைப் படமுறை ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரம் வட்டாரத்துக் கிராம மக்களின் முதுமையைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வில் மூளைப் படப்பிடிப்பும் ஓர் அங்கமாகும். இத்தகைய நெடுங்கால முயற்சிகளில், தொடக்கத்தில் எடுத்த பதிவையும் பல ஆண்டுகளுக்குப் பின் எடுக்கும் பதிவையும் ஒப்பிட வேண்டியிருக்கும். படமெடுக்கும் இடைவெளியோ வடிகட்டும் முறையோ இடையில் மாறிவிட்டால், கருவியின் மாற்றம் முதுமையின் மாற்றமாகக் கருதப்பட இடமுண்டு.

வடிகட்டியால் தீர்க்க இயலாதவையும் உள. பதிவாகும் சைகையின் அளவு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பொறுத்தும் மாறும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கூறுகிறது. இந்நிலையில், இரு குழுக்களின் சைகைகளை ஒப்பிடுமுன் இரத்தப் பரிசோதனையும் செய்வது நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்றதாகும்.

நிதி உதவி வழங்கும் அமைப்புகளும் ஆய்வு நெறியாளர்களும் சில எளிய நெறிகளை வலியுறுத்தலாம். படமெடுக்கும் எந்திரத்துடன் நாடி, சுவாச அளவிகளையும் பயன்படுத்துதல் வேண்டும்; எந்திரத்தின் விலையை நோக்க இவற்றின் செலவு மிகச் சிறியது. வடிகட்டியின் வகை, எல்லை, கையாளும் வரிசை ஆகியவற்றைப் பதிவு தொடங்குமுன் எழுத்தில் முடிவு செய்தல் வேண்டும். ஆய்வறிக்கையில் அவற்றை எண்களுடன் குறிப்பிடுதல் வேண்டும்; நிரலின் இயல்பான அமைப்பு பயன்படுத்தப்பட்டது என்று மட்டும் எழுதுவது போதாது. ஏற்கத்தக்க வேறோர் எல்லையிலும் முடிவு நிலைக்கிறதா என்பதைச் சோதித்து, இரு விடைகளையும் வெளியிடுதல் வேண்டும். வடிகட்டப்படாத மூலப் பதிவுகளை அழிக்காமல் பாதுகாத்தல் வேண்டும். வடிகட்டியபின் இழந்ததை மீட்க இயலாது. மூலப் பதிவு இருந்தாலோ, நாளை தோன்றும் மேம்பட்ட முறையைக் கொண்டு மறுபடியும் கணக்கிடலாம். மனித மூளை வரைபட ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பு நியமித்த குழுவின் பரிந்துரைகளும், 2017ஆம் ஆண்டில் வெளியானபோது, முறைகளை முழுமையாக அறிவிப்பதையே வலியுறுத்தின.

எந்திரங்களை வாங்குவதுடன் பணி நிறைவடைவதில்லை. மருத்துவம், உளவியல் பயில்வோர்க்கு அலை, அதிர்வெண், மாதிரி எடுத்தல் ஆகியவற்றின் அடிப்படைகளையும், பொறியியல், கணிதம் பயில்வோர்க்கு உடலியங்கியலின் அடிப்படைகளையும் கற்பித்தல் அவசியமாகும். ஒவ்வொரு பதிவும், பல நிமிடங்கள் குறுகிய குழாயினுள் அசையாமல் படுத்திருந்த ஒருவரின் ஒத்துழைப்பால் கிடைத்தது. அதில் எது சைகை, எது இரைச்சல் என்று காரணத்துடன் முடிவு செய்து, அம்முடிவைப் பிறர் சரிபார்க்கும் வகையில் எழுதி வைப்பது, அந்த ஒத்துழைப்பைப் பெற்றவர்களின் கடமையாகும்.